ராயம்மாள் வீட்டுக்கு வருபவர்

"நம்ம ராயம்மாக்கா வீட்டுக்கு அந்தக் கண்டக்டர் தினம் வர்றாரு. ஆறு மணிக்கு உள்ள போனா ஏழு மணிக்குத்தான் வெளிய வர்றாரு. நீங்கல்லாம் இன்னா ஏதுன்னு கேக்கவே மாட்டீங்களா?"

போனில் ஒருத்தி பொரிந்து தள்ளினாள். ராயம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"யாரு, பீமாராவா?" என்றான் ராபர்ட்.

"அவரேதான். அருள்சாமி அண்ணன் அடக்கத்துல எல்லாரும் முட்டி போட்டப்ப, கையக் கட்டிக்கினு நின்னாரே!"

ராபர்ட்டுக்குச் சுருக்கென்றது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கோயில் காரியம் எதுவானாலும் அவன் தலையில்தான் விழும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலே நாள். குடில், சீரியல் லைட், கேரல், கேக் என்று அலைந்துகொண்டிருந்தான். ஆனாலும் இதை விட முடியாது.

ராயம்மாளின் புருஷன் அருள்சாமி டிரைவர், பீமாராவ் கண்டக்டர். திருவண்ணாமலை பஸ்ஸில் பதினெட்டு வருஷம் ஒன்றாக ஓடினவர்கள். ஸ்டியரிங் பக்கத்தில் மாதா படம் ஒட்டினவர் அருள்சாமி. "பஸ்ஸ ஓட்றது நீயா, மாதாவா?" என்று தினமும் வம்பிழுத்தவர் பீமாராவ். ரெண்டு பேரும் ரிடையர் ஆன பிறகும் டீக்கடையில் அந்தச் சண்டை ஓயவில்லை.

நவம்பர் முதல் வாரம், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த அருள்சாமி எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ராயம்மாளுக்குச் சர்க்கரையில் கண் பார்வை போய் ரெண்டு வருஷமாகிறது.

'துக்கத்துல இருக்கிற பொம்பள. சாமி இருந்தா இப்பிடி நடக்குமான்னு அந்த மனுஷன் நாலு வார்த்த சொன்னா, இருக்கிற விசுவாசமும் போயிடும்' என்று ராபர்ட்டுக்குப் பயம்.

சாயந்திரம் தெருமுனையிலேயே பீமாராவை மடக்கினான் ராபர்ட்.

"அண்ணே, அக்கா வீட்ல உங்களுக்கு இன்னா வேல?"

"கொஞ்சம் வேல இருக்குது தம்பி."

"அதான், இன்னா வேலன்னு கேக்குறேன்."

"அருள்சாமி பாதியில விட்டுட்டுப் போன வேல. நேரமாவுது, வர்றேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பின்னாலேயே போகலாம் என்றால் மைக் செட்டுக்காரனிடமிருந்து போன். பேசி முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

வாசலுக்குப் போனான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றுவிட்டான்.

பீமாராவ் பைபிள் வாசித்துக்கொண்டிருந்தார்!

வயலில் ஆட்டுக்குக் காவல் இருந்த இடையர்களிடம் தேவதூதன் வந்த இடம். எழுத்துக்கூட்டி, தடுக்கித் தடுக்கிப் போனது வாசிப்பு. ஸ்டாப்பிங் பேர் சொல்லிச் சொல்லிப் பழகின குரல், 'பெத்லகேம்' என்ற இடத்தில் யாரோ இறங்க வேண்டும்போல உரக்கக் கூப்பிட்டது.

எதிரே ராயம்மாள். கண்ணில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டு, "யாரு?" என்றாள்.

"நான்தாங்க்கா, ராபர்ட்."

பீமாராவ் சட்டென்று வாசிப்பை நிறுத்தினார்.

"வாப்பா, வா. ஒக்காரு."

ராபர்ட் உட்காரவில்லை. "எனக்கு மனசு கேக்கல, சொல்லிட்றேன். சாமியே இல்லன்னு சொல்ற வாயால வசனம் கேக்கலாமாக்கா?"

ராயம்மாள் சிரித்தாள்.

"வாய்தாம்பா அவரோடது. வார்த்த ஆண்டவரோடது. உங்கண்ணன் போன மொத வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. இருட்டோட இருட்டா என்னையும் கூட்டிக்கோன்னு அழுதுக்கினு கெடந்தேன். இப்ப தினம் ஒரு பக்கம் காதுல விழுது. இடையருங்களும் இருட்டுலதான ஒக்காந்திருந்தாங்க? அவங்களத் தேடித்தான தூதன் வந்தான்? எனக்கும் வருவான்னு தைரியமா இருக்குதுப்பா. இந்த வருசமும் ஸ்டார் கட்டச் சொல்லிட்டேன்."

"அதுக்கு இவருதானா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னா நாங்க வந்து வாசிக்க மாட்டமா?"

"தங்கச்சி, நான் அப்புறம் வர்றேனே..." பீமாராவ் அவசரமாக எழுந்தார்.

"ஒக்காருங்கண்ணே. தம்பி தமாசுக்குக் கேக்குது." ராயம்மாள் ராபர்ட்டின் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "அடக்கத்தன்னிக்கு என் கையப் புடிச்சிக்கினு நீதானப்பா சொன்ன? 'கவலப்படாதக்கா, அண்ணன் வாசிச்ச மாதிரி தினம் ஆறு மணிக்கு நான் வந்து வாசிக்கிறேன்'னு?"

ராபர்ட்டுக்கு அந்தக் கல்லறைத் தோட்டமும், தான் பிடித்திருந்த அந்தக் கையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. காது மடல் சுட்டது.

பீமாராவ் யாரையும் பார்க்காமல், விட்ட வரியை விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆறு நாளு கதவத் தொறந்து வச்சி ஒக்காந்திருந்தேன். ஏழாம் நாளு இவரு வந்தாரு. ஆண்டவரு உன்ன நல்லா வச்சிருக்கணும்ப்பா. ஓயாத கோயில் வேலையிலயும் என்ன மறக்காம ஆளனுப்பினியே! 'ராபர்ட் தம்பிதாம்மா என்ன அனுப்பிச்சாரு'ன்னு சொல்லித்தான் இந்த அண்ணன் புத்தகத்தையே கையில எடுத்தாரு!"