இரண்டு மாத்திரை

"குளோரின் மாத்திரையில கலந்திருக்கிற ஸ்டெபிலைசர் குளத்துல தாறுமாறா ஏறிக் கிடக்கு. இனிமே குளோரின் வேலையே செய்யாது. வாரத்துக்கு எத்தனை மாத்திரை போடுறீங்க?" என்றார் நீச்சல் குளம் பராமரிப்பவர்.

"ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை நானே போடுறேன்," என்றாள் வீட்டம்மா.

உலாத்திக்கொண்டிருந்த கணவர் சட்டென்று நின்றார். "புதன்கிழமை நானும் போடுறேனே!"

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லிக்கலையா?" என்றார் பராமரிப்பவர்.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. மூணு மாசமாச்சு," என்று முணுமுணுத்தாள் மகள்.

"சரி, பாதித் தண்ணிய வெளியேத்திட்டுப் புதுசா நிரப்புங்க. ஏணியில மூணாம் படி தெரிஞ்சதும் மோட்டாரை நிறுத்திடணும். இல்லாட்டி காத்தை இழுத்து எரிஞ்சிடும்." மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் படி தெரிந்தது. கணவர் எழுவார் என்று வீட்டம்மாவும், அவள் எழுவாள் என்று அவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் படியும் எட்டிப் பார்த்தது. மோட்டார் உறுமியது.

"ஏங்க," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"