கித்தேரியானின் பங்கு

கடல் பூஞ்சையிலிருந்து எடுத்த அந்த ஒரு மருந்துக்குத்தான் கிருமிகள் இன்னும் பழகவில்லை. இதற்கும் அவை பழகிவிடக் கூடாது என்பதால் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அதைக் கொடுப்பார்கள். தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கித்தேரியானின் மனைவி பிரகாசி, முதல் பிரசவத்தில் வந்த காய்ச்சலிலேயே தன் பங்கை முடித்துவிட்டிருந்தாள். அறுபதாவது வயதில் சிப்பி கிழித்த கால் சீழ் பிடித்து அவளுக்கு நினைவு தப்பியபோது, கித்தேரியான் தன் பங்கை அவளுக்கு எழுதிக்கொடுத்தார். இனி ஒரு சின்னக் கீறல்கூடத் தன்னைக் கொண்டுபோகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நர்ஸ் சொல்லித்தான் பிரகாசிக்கு விஷயம் தெரிந்தது.

மறுநாளே அவருடைய சவரக் கத்தி காணாமல் போனது. தாடி வளர்ந்தது. தடித்த கையுறை இல்லாமல் பட்டறைக்குப் போகக் கூடாது என்றாள்.

"இதைப் போட்டா ஸ்பேனர் பிடிக்க முடியல, பிரகாசி."

"முடியலன்னா வீட்டுல இருங்க."

சாயங்காலம் அவர் திரும்பியதும் பத்து விரல்களையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாளைக் குழம்பு. அவர் கை வைக்கும் முன்பே பிரகாசி தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு முள்ளாக எடுக்க ஆரம்பித்தாள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? இதெல்லாம் செய்யச் சொல்லி நான் கேட்டேனா?" என்றார் கித்தேரியான்.

"உங்க மருந்த எனக்குக் கொடுக்கும்போது நீங்க என்கிட்ட கேட்டியளா?"

அவள் பிசைந்து நீட்டிய கவளத்துக்குக் கித்தேரியான் வாயைத் திறந்தார்.