சோசம்மாவின் வாய்

கால்பந்து உலகக் கோப்பைக்காகத் தெருவெல்லாம் கொடி பறந்த ஒரு காலத்தில், மலப்புறத்தில் ஆலிக்குட்டி என்று ஒரு டீக்கடைக்காரர் இருந்தார். பழம்பொரி பொரித்த எண்ணெய் காலில் கொட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தினமும் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யாவிட்டால் கால் புரையோடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிரிக்க வருபவள் நர்ஸ் சோசம்மா. வாயைத் திறந்தாலே வம்பு.

"ஆலிக்கா, உங்க அர்ஜென்டினாக்காரங்க விளையாட வந்தாங்களா, புல்லுல படுத்துத் தூங்க வந்தாங்களா? காத்து பட்டாலே விழறாங்க."

"சிஸ்டரே, அளந்து பேசணும்."

"அளக்க என்ன இருக்கு? கோல் போட்டாத்தானே எண்ண முடியும்."

"உங்க பிரேசில் மட்டும் என்ன கிழிச்சுது?" ஆலிக்குட்டி எழுந்து உட்காருவார். கழுத்து நரம்பு புடைக்கும்.

மனைவி ஆயிஷாபிக்குப் பொறுக்கவில்லை. முடியாமல் கிடக்கும் மனுஷனை இப்படியா சீண்டுவது? நேராக ஹெட் நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வேறொரு நர்ஸ் வந்தாள். குரலே தேன்.

"பயப்படாதீங்க ஆலிக்கா, மெதுவா எடுக்கறேன். இதோ, இப்பக் கொஞ்சம் வலிக்கும். இப்ப இன்னும் கொஞ்சம்..."

ஆலிக்குட்டி போட்ட கூச்சல் வாசல் வரை கேட்டது. பாதியிலேயே காலை இழுத்துக்கொண்டார்.

"புரையோடினா ஓடட்டும். யாரும் என் காலைத் தொட வேண்டாம்."

ஆயிஷாபி கட்டிலருகே உட்கார்ந்து யோசித்தாள். அதே கால், அதே புண். இவள் கை இன்னும் மெதுவான கை. நேற்று வரை ஒரு 'ஸ்' கூடச் சொல்லாத மனுஷனுக்கு இன்று என்ன ஆயிற்று?

யோசித்தவள், எழுந்து அடுத்த வார்டுக்கு ஓடினாள்.

"சிஸ்டரே, புகார் சொன்னது நான்தான். மனசுல வெச்சுக்காம வரணும். இன்னைக்குக் காலைத் தொட்டாலே வலிக்குதுன்னு கத்தறார்."

சோசம்மா பஞ்சைக் கீழே வைத்தாள். "புண்ணு சேதி அனுப்பிக்கிட்டேதான் இருக்கும், இத்தா. மண்டைக்குள்ள இருக்கறவன் வாங்கிப் பார்த்தாத்தான் அது வலி. அவனைச் சண்டையில இறக்கி விட்டுட்டா, வாங்க நேரம் ஏது?"

வந்து கட்டிலருகே நின்றாள்.

"என்ன ஆலிக்கா, தொடறதுக்கு முன்னாடியே கத்தறீங்களாமே. அர்ஜென்டினாக்காரங்க சொல்லிக் கொடுத்ததா?"

"யாரைப் பார்த்துப் பேசறே நீ?"

ஆரம்பித்தது. அவர் பிரேசிலின் பரம்பரையையே இழுத்து முடிப்பதற்குள் பழைய கட்டு போய், புண் கழுவி, புதுக் கட்டும் விழுந்திருந்தது.

வாசல் வரை கூடவே வந்த ஆயிஷாபி மெல்லச் சிரித்தாள். "இருந்தாலும் சிஸ்டரே, பிரேசில் மேல உங்களுக்கு இவ்வளவு பிரியம் ஆகாது."

சோசம்மா உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தமாச் சொல்லிடாதீங்க, இத்தா. இன்னைக்கு அர்ஜென்டினா ஜெயிக்கணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் டியூட்டிக்கே வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.