மாடி வேணாம் சார்

புது ரயில் பாதைக்காக வீட்டை இழப்பவர்களைச் சமாதானப்படுத்த அதிகாரி தவசிமுத்து வந்திருந்தார். வியாசர்பாடியே, நாய் நரி பாக்கியில்லாமல், கூட்டத்துக்குத் திரண்டிருந்தது.

"எல்லாருக்கும் கொடுங்கையூர்ல மாடி வீடு!" என்றார்.

"மாடி வேணாம் சார். எம் புள்ளைக்கு மண்ணுத்தரையா எடம் குடு," என்றாள் பூவம்மா.

"உன்கூட இல்லையாம்மா அவன்?"

"தனியாத்தான் கீறான். அந்த எடந்தான் லைன்ல போவுது."

"ஓகோ! மருமக வந்து பிரிச்சிட்டாளோ?"

காக்கையெல்லாம் பறந்தோடும்படி கூட்டம் சிரித்தது. பூவம்மா சிரிக்கவில்லை.

"ஏழு வயசுல ஏது சார் மருமக? கொயந்தைங்கள பொதைக்கிற எடத்து வழியாத்தான உன் லைன் போவுது?"

தவசிமுத்து கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"தோண்டறப்போ மிஷின் வெக்க வேணாம்னு சொல்லு சார். நானே கையால எடுத்துக்கறேன்."