இடது கை லட்டு

கும்பகோணத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் முதலில் லட்டு வந்தது. தட்டைப் பெண்ணின் அண்ணி பிடித்திருக்க, அவளுடைய ஆறு வயது மகள் ஸ்ம்ருதி வலது கையைப் பாவாடை மடிப்பில் மறைத்தபடி, இடது கையால் ஒரு லட்டை எடுத்து நீட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா நீலாயதாட்சிக்கு முகம் சுருங்கியது. "நல்ல காரியத்துல இடது கையாலயா?" என்று முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார்.

உடனே வீடே கைதட்டியது. பெண்ணின் அப்பா விசிலே அடித்துவிட்டார்.

"எந்திரிடா நவநீத்! அவமானப்படுத்திட்டுக் கைவேற தட்டுறாங்க!" என்று மகனை இழுத்தபடி எழுந்தார் நீலாயதாட்சி.

மணப்பெண் அம்ருதா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ, இல்லைங்க ஆன்ட்டி! இவளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. போன வருஷம் அதனால ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்துருச்சு. அதுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் வலது கையைப் பயன்படுத்த முடியாதபடி உறை மாட்டியிருக்கோம். இன்னைக்குத்தான் முதல் தடவையா இடது கையால ஒண்ணைத் தூக்கிக் கொடுத்திருக்கா!"

நீலாயதாட்சி மறுபடியும் உட்கார்ந்தார். லட்டை வாயில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"இன்னொண்ணு குடு கண்ணு."

வந்தது. அதையும் தின்றுவிட்டு மறுபடி கையை நீட்டினார்.

"அம்மா, உனக்கு சுகர்!" என்று அலறினான் நவநீத்.

"சும்மா இருடா! குழந்தைக்குப் பயிற்சி!"