அமுதவல்லி காட்டிய வீடு

"இந்தச் சன்னலத் தொறந்து பாருங்க. வாய்க்காக் காத்து நேரா ஊட்டுக்குள்ள வருமுங்க."

அமுதவல்லியக்கா சொன்னதும், வீடு பார்க்க வந்திருந்த லாரி முதலாளி சுவாமிநாதன் சன்னலைத் திறந்தார்.

காற்று வந்தது.

பரமத்தி வேலூரில் என் அப்பா கட்டிய வீடு அது. ஒன்பது வருடமாக அமுதவல்லியக்காதான் அதில் குடியிருக்கிறார். வெற்றிலை வியாபாரம். அவர் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர நான்கு மாதம் ஆகும். வாடகை மூவாயிரம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இரண்டு அறைக்கு நான் கொடுப்பது பதினாறாயிரம். சித்திரையிலிருந்து பதினெட்டு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அதே தெருவில் ஓர் அடுக்குமாடி வீடு விலைக்கு வந்தது. எண்பது லட்சம். வங்கிக் கடன் போக மீதிக்கு, ஊர் வீட்டை விற்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன மாதம் அதைச் சொல்லத்தான் வந்தேன். பாதிதான் சொன்னேன். அக்காவே மீதியைப் புரிந்துகொண்டார். கையிலிருந்த வெற்றிலைக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சரிங்க தம்பி. ஆளு வந்தா நானே காட்டறனுங்க. நீங்க ஒவ்வொருக்காவும் சேலத்துல இருந்து அலைய வேண்டாம்."

காலி செய்யச் சொன்னால், வருகிறவர்களிடம் ஒழுகும் இடத்தை மட்டும் காட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன், சேலத்தில் நானே ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன்.

இவர் தினமும் கூட்டிப் பெருக்கி, பாத்திரங்களை ஒதுக்கி, வீட்டைக் காட்டினார். கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு குடிக்கக் கொடுத்தார். சமையலறை விரிசலையும் மறைக்கவில்லை. மழைக்கு அது ஒழுகாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பதினெட்டு லட்சத்தில் ஆரம்பித்த விலை, அடுத்தவர் வந்தபோது பத்தொன்பது ஆனது. பிறகு இருபது, இருபத்தொன்று. தரகர் கண்ணுசாமிக்கே ஆச்சரியம்.

இன்று சுவாமிநாதன் மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு இருபத்திரண்டு என்றார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று காரில் ஏறிப் போனார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"வேற வீடு பாத்துட்டீங்களாக்கா?"

அவர் உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். வங்கிக் கடிதம். வீடு வாங்க அமுதவல்லியின் பெயரில் பதினான்கு லட்சம் கடன் தருவதாக எழுதியிருந்தது.

"மீதி எங்க கையில இருக்குதுங்க தம்பி. அவரு சொன்ன இருபத்திரண்டுக்கே நானே எடுத்துக்கறனுங்க. நாலு பேரு பாத்துச் சொல்ற வெலைதானுங்களே நாயம்."

நான் கடிதத்தை மறுபடியும் பார்த்தேன். மேலே தேதி இருந்தது.

கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டைப் பத்தொன்பதுக்கு மேல் யாருமே கேட்டிருக்கவில்லை.