விலை கேட்க வந்தவர்

“இந்தம்மா வாய்விட்டுக் கேக்க மாட்டேங்குது. ஆனா ஏதோ எதிர்பார்க்குது” என்றாள் மளிகைக்காரரின் மனைவி, கல்லாவில் உட்கார்ந்தபடி.

மளிகைக்காரருக்கும் அதே சந்தேகம்தான்.

விலைக் கண்காணிப்பு அலுவலகத்து அம்மாவை அவருக்குப் பத்து வருஷமாகத் தெரியும். முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை வருவார். விலைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விடுவார். பால் பவுடருக்கும் சமையல் எண்ணெய்க்கும் அரசாங்கம் வரியை நீக்கியதிலிருந்துதான் தலைவலி. வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து நின்றார். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லவே முடியாது.

வரி போன முதல் வாரம் மளிகைக்காரர் விலையைக் குறைத்து வாசலில் எழுதி வைத்தார். அடுத்த வாரமே சத்தமில்லாமல் பாதியை ஏற்றினார்.

அன்று பார்த்து அம்மா வந்தார்.

“பால் பவுடர் என்ன விலைங்க?”

சொன்னார்.

“போன வாரம் குறைச்சல்னு எழுதியிருந்தீங்களே?”

“அது... எழுதினதுல தப்பு வந்துடுச்சும்மா.”

“அப்படியா? எது சரின்னு பார்த்துத் திருத்திடுங்க. நான் நிக்கிறேன்.”

குறைத்த விலைக்கே திருத்தும்வரை நின்றார். அபராதம் என்றோ மேலிடம் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் மளிகைக்காரருக்குப் புரியவில்லை.

மழை கொட்டிய ஒரு நாள், இன்றைக்கு வரமாட்டார் என்று எண்ணெய் விலையை ஏற்றினார். மதியம் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார் அம்மா.

ஒருநாள் ஒரு பை நிறையச் சாமான்களை அவர் பக்கம் நகர்த்தினார் மளிகைக்காரர். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா.”

அம்மா பையிலிருந்து ஒரே ஒரு சோப்பை எடுத்தார். அதற்குரிய காசை மேஜையில் வைத்தார். “எண்ணெய் என்ன விலை?” என்றார்.

அவர் போன பிறகு பக்கத்துச் சந்துத் தையல்காரி வந்தாள். இரட்டைக் குழந்தைக்காரி. பால் பவுடரில் எப்போதும் சின்னப் பாக்கெட் வாங்குகிறவள், அன்று பெரிய டின்னைக் காட்டினாள்.

“அண்ணே, அதைக் குடுங்க. இப்பல்லாம் பவுடர்ல தண்ணியை அதிகமா ஊத்திக் கலக்கறதில்லை” என்றாள், ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல.

அவள் தலை மறைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “அந்தம்மா மட்டும் இல்லைன்னா இந்த டின்லயே நமக்கு எவ்வளவு நின்னிருக்கும்? பெரிய தொகையா எதிர்பார்க்குது, அதான் விடாம வருது. ஆபீஸ்ல போய்ப் புகார் எழுதிக் குடுங்க. வேற ஆளைப் போடட்டும். ஒரு ஆளையே ஓயாம தொந்தரவு பண்ணலாமா?”

மறுநாள் மளிகைக்காரர் கிளம்பினார்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி புகார்ப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். “யார் மேல?”

“எங்க தெருவுக்கு வர்ற அம்மா சார். ஒல்லியா இருப்பாங்க, தடிக் கண்ணாடி.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“அவங்களா? அவங்க ஓய்வு பெற்று ஆறு மாசம் ஆகுதே.”

“இல்ல சார். நேத்துகூட வந்தாங்க. வரி எடுத்ததுலேர்ந்து அஞ்சு மாசமா வாரா வாரம் வர்றாங்க.”

அதிகாரி படிவத்தை ஓரமாகத் தள்ளினார்.

“பால் பவுடர் வரியை எடுக்கணும்னு எட்டு வருஷமா விலைப் பட்டியலோட எழுதி எழுதி அனுப்பினது அவங்கதாங்க. ஆணை வந்தப்ப அவங்க சர்வீஸ் முடிஞ்சு போச்சு. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடலை. வரி எடுத்ததுக்கப்புறம் உங்க தெருப்பக்கம் எங்க ஆள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலை.”

மளிகைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“மத்த தெருவுலேர்ந்தெல்லாம் ஜனங்க புகார் குடுக்கறாங்க, விலை குறையலைன்னு. உங்க தெருவுலேர்ந்து மட்டும் ஒண்ணுகூட வரலை. அங்க கடைக்காரர் நாணயமானவர்னு நாங்களே பேசிக்குவோம்” என்று சிரித்த அதிகாரி, படிவத்தை மறுபடி இழுத்துக்கொண்டார். “போகட்டும். வேலையில இல்லாதவங்க ஆபீஸ் ஆள் மாதிரி கடைக்கு வந்தா தப்புத்தான். என்ன தொந்தரவு பண்ணாங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“விலை கேட்டாங்க சார்.”

“கேட்டு?”

மேற்கொண்டு சொல்வதென்றால் தன்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மளிகைக்காரர் எழுந்துவிட்டார். “ஒண்ணுமில்லைங்க சார். ஆள் மாறிடுச்சுன்னு நினைக்கிறேன்.”

வெயிலில் நடந்தே வந்தார். பஸ்கள் இரண்டு கடந்து போயின. கை காட்டத் தோன்றவில்லை.

கடையில் மனைவி காத்திருந்தாள். “என்ன சொன்னாங்க? அந்தம்மாவை மாத்திடுவாங்களா?”

மளிகைக்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மாத்த மாட்டாங்களாம். இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாங்களாம். விலையை ஏத்தற பேச்சே எடுக்காதே.”